பழுதான டேபிள்: கிடைத்ததை அள்ளுவதா, பேக்கப்பிலிருந்து கட்டி எழுப்புவதா?

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், அதன் வழக்கமான சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் இருக்கும் ஒரு டேபிள் கெட்டுப்போனால் மூன்று வழிகள் உண்டு. சர்வரைக் கட்டாய மீட்பு முறையில் எழுப்பி, படிக்க முடிகிற வரை படித்து டம்ப் (ரெக்கார்டுகளை எழுதிவைக்கும் ஃபைல்) எடுக்கலாம். பேக்கப்பை வேறொரு சர்வரில் ஏற்றி, அதன் மேல் பைனரி லாகை (சர்வர் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக எழுதிவைக்கும் பதிவு) ஓட்டி, பழுது நேர்ந்த நேரம் வரை கொண்டுவரலாம். இரண்டுக்கும் வழியில்லை என்றால், டேபிளின் ஃபைலையே பிரித்துப் பக்கம் பக்கமாக (பக்கம் என்பது ஃபைலில் தரவு இருக்கும் ஒரு துண்டு) ரெக்கார்டுகளை உருவி எடுக்கலாம். அண்மையில் பணக் கணக்கு இருந்த ஒரு டேபிள் இப்படிப் பழுதானபோது நான் இரண்டாவது வழியில் போனேன். மறுபடி அதே நிலை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

எந்த வழியானாலும் முதல் வேலை ஒன்றுதான்: சர்வரை நிறுத்துங்கள், டேட்டா டைரக்டரி முழுவதையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். டேபிளின் ஃபைலை மட்டும் எடுத்தால் போதாது. இன்னோடிபியின் பொது ஃபைலான சிஸ்டம் டேபிள்ஸ்பேஸ், மாற்றங்களை மறுபடி செய்ய உதவும் ரீடூ லாக், அவற்றைத் திரும்பப் பெற உதவும் அண்டூ லாக் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். டிஸ்க்கையும் மெமரியையும் சோதித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மீட்டதும் அதே டிஸ்க்கில் மறுபடி கெடும். 'ரிப்பேர் டேபிள்' கட்டளையில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அது மைஐஎஸ்ஏஎம் போன்ற சில எஞ்சின்களுக்குத்தான், இன்னோடிபிக்கு வேலை செய்யாது.

அடுத்து, கெட்டது எந்த இன்டெக்ஸ் (ரெக்கார்டைச் சீக்கிரம் தேட உதவும் மர அமைப்பு) என்று பார்க்க வேண்டும். இன்னோடிபியில் டேபிளின் உண்மையான ரெக்கார்டுகள் பிரைமரி கீயின் (ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் உரிய தனி அடையாளம்) மரத்திலேயே இருக்கின்றன. பழுது துணை இன்டெக்ஸில் மட்டும் என்றால் அதை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்கினால் போதும், இந்த ஒப்பீடே தேவைப்படாது. பிரைமரி கீயின் மரத்தில் பழுது என்றால்தான் மேலே படிக்க வேண்டும்.

கட்டாய மீட்பு பெரும்பாலானோரின் கை முதலில் போகும் இடம். அதில் நியாயமும் இருக்கிறது. கான்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு வரி, 'இன்னோடிபி ஃபோர்ஸ் ரெக்கவரி', 1 முதல் 6 வரை அளவு. 1 வைத்தால் கெட்ட பக்கம் தென்பட்டாலும் சர்வர் விழாமல் ஓடப் பார்க்கும். முழு டேபிளையும் படிக்கும்போது கெட்ட பக்கங்களைத் தாண்டிப் போக முயலும். 2-இல் பின்னணியில் நடக்கும் துப்புரவு வேலைகள் நிற்கும். 3-இல் பாதியில் நின்ற டிரான்சாக்‌ஷன்கள் ரோல்பேக் ஆகாது, அதாவது அவற்றின் அரைகுறை மாற்றங்கள் திரும்பப் பெறப்படாது. 4-இலிருந்து நிலைமை வேறு: ஃபைல்களே நிரந்தரமாகக் கெடக்கூடும் என்று மைஎஸ்க்யூஎல் கையேடே எச்சரிக்கிறது. 5-இல் அண்டூ லாகையே பார்க்காது, அதனால் முடியாத டிரான்சாக்‌ஷன்களும் முடிந்தவையாகக் கணக்கில் வந்துவிடும். 6-இல் ரீடூ லாகும் ஓடாது. 1-இல் தொடங்கி, சர்வர் எழவில்லை என்றால் மட்டும் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். அதுவும் நகலின் மேல்தான்.

டம்ப் நடுவில் முறிந்தால் பிரைமரி கீயின் எல்லைகளைக் கொடுத்துத் துண்டு துண்டாக எடுக்கலாம். கெட்ட இடத்துக்கு முந்தைய பகுதியை ஏறுவரிசையில், பிந்தைய பகுதியை இறங்குவரிசையில் என இரண்டு முனையிலிருந்தும் நெருங்கி வரலாம். பொறுமை இருந்தால் கெட்ட பக்கங்களைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். ஒரு பக்கம் வழக்கமாக 16 கேபி. ரெக்கார்டு ஒன்று சராசரியாக 200 பைட் என்றால், ஒரு பக்கம் போனால் ஏறத்தாழ 70 ரெக்கார்டுகள் போகும். பெரிய டேபிளில் இது சின்ன நஷ்டமாகத்தான் தெரியும்.

ஆனால் போனது எந்த 70? என் முடிவைத் தீர்மானித்தது இந்தக் கேள்விதான். வேகம், வசதி, எத்தனை சதவீதம் மீண்டது என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

டம்ப் ஃபைலைத் திறந்து பார்த்தால் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும், என்ன இல்லை என்று தெரியாது. பிரைமரி கீ எண்களில் இடைவெளி இருக்கும் இடத்தைத் தேடலாமே என்று தோன்றும். ஆனால் சர்வர் தானாகத் தரும் ஆட்டோ இன்க்ரிமென்ட் எண்களில் இடைவெளி இயல்பாகவே விழும். ஒரு டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆனாலும் அது வாங்கிய எண் திரும்ப வராது, அப்புறம் வேண்டுமென்றே நீக்கிய ரெக்கார்டுகளும் இருக்கும். ஆக, ஒரு இடைவெளி பழுதால் வந்ததா, முன்பே இருந்ததா என்பதை அந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல் ஃபாரின் கீ, அதாவது ஒரு டேபிளின் ரெக்கார்டு இன்னொரு டேபிளின் ரெக்கார்டைச் சுட்டும் இணைப்பு. டம்ப் எடுக்கும் கருவியான மைஎஸ்க்யூஎல்டம்ப் எழுதும் ஃபைல் ஏற்றும் நேரத்தில் ஃபாரின் கீ சோதனையை அணைத்துவிடுகிறது. வேலை முடிந்ததும் அந்தச் சோதனை திரும்ப வரும், ஆனால் ஏற்கெனவே உள்ளே போன ரெக்கார்டுகளை அது திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் தாய் ரெக்கார்டு போய், அதைச் சுட்டும் பிள்ளை ரெக்கார்டுகள் மட்டும் நிற்கும் நிலையிலும் ஏற்றம் ஒரு பிழையும் இல்லாமல் முடியும். பணம் செலுத்திய பதிவு இருக்கும், எந்த ஆர்டருக்கு என்பது இருக்காது. இதை நீங்களாகவே இரண்டு டேபிள்களையும் இணைத்து ஜாயின் போட்டுத் தேடினால்தான் தெரியும். மாதக் கணக்கு முடிக்கும்போது வேறு யாரோ கண்டுபிடித்தால் அதற்குள் அதன் மேல் எத்தனையோ ரெக்கார்டுகள் எழுதப்பட்டிருக்கும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, இதைச் சொல்லாமல் விட்டால் கட்டாய மீட்புக்கு அநியாயம் செய்ததாகிவிடும். இன்னோடிபியின் ஒவ்வொரு துணை இன்டெக்ஸும் தன் பதிவுகளில் பிரைமரி கீயையும் சேர்த்தே வைத்திருக்கிறது. துணை இன்டெக்ஸ் நன்றாக இருந்தால், அதையே பயன்படுத்தும்படி கட்டாயப்படுத்தி, பிரைமரி கீ பத்தியை மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் கெட்ட மரத்தைத் தொடாமலேயே இருந்த எண்களின் பட்டியல் முழுதாக வந்துவிடும். டம்பில் உள்ள எண்களை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது காணாமல் போனவை. அந்த இன்டெக்ஸில் தேதியோ வாடிக்கையாளர் எண்ணோ இருந்தால் அந்த விவரமும் கூடவே கிடைக்கும். கட்டாய மீட்பைத் தேர்ந்தெடுக்கும் யாரும் இந்த ஒரு வேலையை விட்டுவிடக்கூடாது. ஆனாலும் இது போனது எது என்பதைத்தான் சொல்லும். அதில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டும், அதற்காகக் கடைசியில் பேக்கப்பிடம்தான் போவீர்கள்.

இப்போது பேக்கப்பும் பைனரி லாகும். இங்கே இழப்பின் வடிவமே வேறு. கட்டாய மீட்பில் நடுநடுவே ஓட்டைகள் விழும். இதில் இழப்பு என்று ஒன்று இருந்தால் அது வாலில்தான் இருக்கும்: லாகில் இந்தப் புள்ளி வரை எல்லாம் இருக்கிறது, அதற்குப் பிறகு இல்லை. அந்தப் புள்ளியை யாரிடமும் காட்டிச் சொல்ல முடியும். பணம் சம்பந்தப்பட்டவர்களுக்கு இப்படி ஒரு பதிலைத் தர முடிவதன் மதிப்பை நான் நேரில் உணர்ந்தேன்.

இந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் வலுவானது. லாக் ஃபைல்களுக்குத் தொடர் எண் உண்டு, நடுவில் ஒன்று இல்லையென்றால் உடனே தெரியும். லாகில் பதிந்த ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனி செக்சம் (பழுதைக் காட்டும் சரிபார்ப்பு எண்) உண்டு, ஓட்டும் முன்பே சரிபார்க்கலாம். டம்ப் எடுக்கும்போதே லாகின் நிலையையும் அதில் எழுதச் சொல்லியிருந்தால், எங்கிருந்து தொடங்குவது என்பதில் ஊகம் வேண்டாம். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இது: மைஎஸ்க்யூஎல் 5.7.7 பதிப்பிலிருந்து லாகின் வழக்கமான வடிவம் ரோ வடிவம், அதாவது ரெக்கார்டு ரெக்கார்டாக மாற்றங்கள் பதியும். அதில் ஒரு அப்டேட்டோ டெலீட்டோ ஓடும்போது அது தேடும் ரெக்கார்டு அடித்தளத்தில் இல்லையென்றால், 1032 என்ற பிழையோடு வேலை நின்றுவிடும். ஆக, லாகை ஓட்டுவதே பேக்கப்புக்கு ஒரு சோதனையாகிறது. பேக்கப்பில் குறை இருந்து, பின்னால் வந்த மாற்றங்கள் அந்த ரெக்கார்டைத் தொட்டிருந்தால் அது அங்கேயே வெளிப்படும். யாரும் தொடாத பழைய ரெக்கார்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நேரம் அதிகம் எடுக்கும், மறுக்கவில்லை. 'மைஎஸ்க்யூஎல்பின்லாக்' என்ற கருவியால் லாகைப் பிரித்து கிளையன்ட் வழியாக ஊட்டினால் எல்லாம் ஒரே வரிசையில்தான் ஓடும். அந்தக் கருவியில் டேட்டாபேஸ் பெயரால் வடிகட்ட முடியும், டேபிள் பெயரால் முடியாது. ஒரு டேபிளுக்காக முழு டேட்டாபேஸின் லாகையும் ஓட்ட வேண்டியிருக்கும். லாக் ஃபைல்களை ரிலே லாகாக (நகல் சர்வர் ஓட்டுவதற்காக வாங்கி வைக்கும் லாக்) வைத்து, ரெப்ளிகேஷன் திரெட் மூலம் இணையாகவும் வேண்டிய டேபிளை மட்டும் வடிகட்டியும் ஓட்டுவது இன்னொரு முறை. எனக்கு அந்த அளவுக்கு லாக் இல்லை, நேரடியாகவே ஓட்டிவிட்டேன். அதனால் அந்த முறையின் வேகத்தைப் பற்றி அனுபவமாக எதுவும் சொல்வதற்கில்லை.

ரெப்ளிகா, அதாவது மூல சர்வரின் மாற்றங்களைத் தொடர்ந்து வாங்கும் நகல் சர்வர், இருக்கிறது என்றால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். ரெப்ளிகேஷனில் போவது மாற்றங்கள்தான், டிஸ்க் பக்கங்கள் அல்ல. மூல சர்வரின் டிஸ்க்கில் கெட்ட பக்கம் ரெப்ளிகாவுக்குத் தொற்றாது. பல இடங்களில் கதை அங்கேயே முடிந்துவிடும்.

கட்டாய மீட்பில் எடுத்த டம்பையும் நான் தூக்கி எறியவில்லை. பேக்கப்பிலிருந்து எழுப்பிய டேபிளோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டிலும் இருக்கிற ரெக்கார்டுகள் ஒன்றுபோல இருக்க வேண்டும், டம்பில் இருந்து இங்கே இல்லாதது எதுவும் இருக்கக்கூடாது. சாட்சியாக அந்த டம்ப் மிகவும் பயன்பட்டது. மூலமாக அதை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது வழியைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். நகல்களில் பழகிப் பார்த்ததோடு சரி. 'அன்ட்ராப் ஃபார் இன்னோடிபி' என்ற கருவித்தொகுப்பு ஃபைலில் இருக்கும் பக்கங்களை இன்டெக்ஸ் வாரியாகப் பிரித்து, டேபிளின் அமைப்பைச் சொன்னால் அந்தப் பக்கங்களிலிருந்து ரெக்கார்டுகளை எடுத்துத் தருகிறது. மரத்தின் வேர்ப் பக்கமே கெட்டு, சர்வரால் உள்ளே நுழையவே முடியாத நிலையில் இதுதான் கதி. டேபிளின் அமைப்பு கையில் இல்லையென்றால் 8.0-இலிருந்து அது டேபிளின் ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கிறது, கூடவே வரும் ஒரு சிறு கருவியால் எடுக்கலாம். ஆனால் நீக்கப்பட்ட ரெக்கார்டுகளும் பழைய பிரதிகளும் கலந்து வரக்கூடும், அவற்றைப் பிரிப்பது உங்கள் பொறுப்பு. கட்டாய மீட்பில் எது போனது என்பது சந்தேகம் என்றால், இதில் வந்தது உண்மையா என்பதும் சந்தேகம். என்கிரிப்ட் செய்த டேபிள் என்றால் இதை நம்பி உட்கார மாட்டேன்.

கட்டாய மீட்பே சரியான தேர்வாகும் இடங்களும் உண்டு. மறுபடி உருவாக்கக்கூடிய தரவு, கேஷ், தேடல் பட்டியல், சில ரெக்கார்டுகள் போனாலும் யாரையும் பாதிக்காத நடவடிக்கைப் பதிவுகள்: இவற்றுக்கெல்லாம் 1-ஐ வைத்து டம்ப் எடுத்து ஏற்றிவிட்டுப் போகலாம். பேக்கப்பே இல்லை என்றாலும் வேறு வழியில்லை. அப்போது துணை இன்டெக்ஸ் பட்டியலை எடுத்து, காணாமல் போன எண்களை ஒரு தனி டேபிளில் எழுதி, பழுதான டேபிளைப் பயன்படுத்தும் அனைவரிடமும் அந்தப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது வழி உங்களுக்குத் திறந்திருக்குமா என்பதை இன்றே பார்த்துவிடலாம். 8.0-இலிருந்து பைனரி லாக் இயல்பாகவே ஓடுகிறது, 30 நாள் கழிந்த லாக் தானாக அழியும். டிஸ்க் இடம் போதவில்லை என்று யாராவது அதை 2 நாளாகக் குறைத்திருந்து, பேக்கப் வாரம் ஒருமுறை என்றால், இரண்டுக்கும் இடையே பாலம் இல்லை. லாகும் டேட்டாவும் ஒரே டிஸ்க்கில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகக்கூடும். லாகை வேறு இயந்திரத்துக்குத் தொடர்ந்து இழுத்து வைக்கும் வசதி அதே மைஎஸ்க்யூஎல்பின்லாக் கருவியில் இருக்கிறது.