பைண்டிங் போட்ட பெண்ட்ராகனும் காட்டுக்குள் ஓடிப்போன என் நைட்டும்

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டி ஆடும் ரோல்பிளே ஆட்டம் பெண்ட்ராகன். அதன் விதிநூலைப் போன மாதம் பைண்டிங்குக்குக் கொடுத்து வாங்கினேன். மூன்று வருஷமாகப் பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிறு ஐந்து பேர் கை மாறி, ஒருமுறை ரசமும் கொட்டி, முதுகு பிளந்து, கடைசியில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்த புத்தகம் அது. கடைக்காரர் கறுப்பு காலிகோ துணி ஒட்டி, நூல் தைத்து, நன்றாகத்தான் கொடுத்தார். "ஓரத்தை எல்லாம் நீட்டா வெட்டிட்டேன் சார்" என்றார். வீட்டுக்கு வந்து பிரித்தால், ஓரத்தோடு பாதிப் பக்கங்களின் எண்களும் போயிருந்தன. பின்னால் இருக்கிற பொருளடைவு இல்லாத எண்களைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து பென்சிலால் எண் போட்டேன்.

அந்த காலிகோ அட்டையைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டதும் பழைய நண்பன் ஒருவன் கேட்டான்: "டேய், இதை வாங்கவா, இல்ல அதே மாதிரி ஆட்டமான ஆர்ஸ் மாஜிக்காவை வாங்கவா? ரெண்டும் சரித்திரம் கலந்த ஃபேன்டஸிதானே?" நாலு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், அது இப்படி வளர்ந்துவிட்டது. இரண்டையும் மேஜையில் வைத்து விளையாடியவன் நான். இதை எழுதும்போது நல்ல மனநிலையில் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெண்ட்ராகன் ஆர்தர் ராஜா காலத்து பிரிட்டனில் நைட் எனும் குதிரை வீரர்கள், ஆர்ஸ் மாஜிக்கா 1220 வாக்கிலான ஐரோப்பாவில் மந்திரவாதிகள். இதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். முதலாவது கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985இல் கொண்டுவந்தது. எங்களிடம் இருப்பது 2005இல் வந்த ஐந்தாம் பதிப்பின் திருத்திய அச்சு. ஆறாம் பதிப்பின் மூலநூல் 2024இல் வந்துவிட்டது, நான் இன்னும் அதற்கு மாறவில்லை. ஆர்ஸ் மாஜிக்கா 1987இல் தொடங்கியது, எங்களுடையது 2004இன் ஐந்தாம் பதிப்பு. இரண்டுக்கும் ரத்த உறவு கிடையாது, ஆனால் குணம் ஒன்று. மற்ற ஆட்டங்களில் ஒரு குகை, ஒரு ராத்திரி என்று கதை நகரும். இந்த இரண்டிலும் வருஷக் கணக்கு. உங்கள் ஆளுக்கு, அதாவது நீங்கள் ஆடுகிற பாத்திரத்துக்கு, நரை விழுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முதலில் ஆர்ஸ் மாஜிக்காவைப் பாராட்டிவிடுகிறேன், இல்லையென்றால் பாவம். நான் பார்த்த மந்திர விதிகளிலேயே அதுதான் அழகு. ஐந்து வினைச்சொல், பத்துப் பெயர்ச்சொல், அவ்வளவுதான். கிரியோ என்றால் உண்டாக்கு, பெர்டோ என்றால் அழி, ரேகோ என்றால் ஆட்டிவை. இக்னெம் நெருப்பு, அக்வாம் தண்ணீர், மென்டெம் மனசு. கிரியோவையும் இக்னெமையும் சேர்த்தால் நெருப்பு மூட்டலாம், பெர்டோவையும் மென்டெமையும் சேர்த்தால் ஒருத்தன் ஞாபகத்தையே அழிக்கலாம். மந்திரப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம், இலக்கணம் தெரிந்தால் போதும், வாக்கியத்தை நாமே எழுதிக்கொள்ளலாம். எங்கள் கூட்டத்தில் பள்ளியில் லத்தீன் வாடையே படாத ஒருத்தர், மூன்றாவது ஞாயிறே "ரேகோ அவுராம் போட்டுக் காத்தைத் திருப்புறேன்" என்று வெற்றிலை மடிக்கிற சாவகாசத்தில் சொன்னார். அதோடு க்ராக் என்று காவலாட்கள், எடுபிடிகள் இருப்பார்கள். அவர்கள் யாருக்கும் சொந்தமில்லை, அன்றைக்கு யார் கையில் கிடைக்கிறதோ அவர் ஓட்டுவார். எங்கள் ஆட்டத்திலேயே எல்லோரும் ரொம்ப நேசித்தது ஒரு சமையல்கார க்ராக்கைத்தான்.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? ஆய்வுக்கூடம் ஆச்சு. மந்திரவாதிக்கு வருஷத்தில் நாலு பருவம். ஒவ்வொரு பருவமும் ஒரு வேலை செய்யலாம்: புத்தகம் படிக்கலாம், புது மந்திரம் கண்டுபிடிக்கலாம், விஸ் என்கிற மந்திரச் சத்தை வடித்தெடுக்கலாம். வெளியே சாகசத்துக்குப் போனால் அந்தப் பருவத்துப் படிப்பு அடிபடும். புத்திசாலி எவன் வெளியே போவான்? எங்கள் ஆட்கள் நாலு பேரும் மடத்துச் சாமியார் மாதிரி உள்ளேயே உட்கார்ந்தார்கள். ஒரு ஞாயிறு முழுக்க மேஜையில் கேட்டது கால்குலேட்டர் தட்டுகிற சத்தம்தான். எந்த நூலை யார் எந்தப் பருவம் படிப்பது என்று நூலக டோக்கன் சண்டை வேறு. டிராகன் ஒன்று வந்து கோட்டைக் கதவைத் தட்டாதா என்று கதையை நடத்துகிற ஜிஎம்மே (கேம் மாஸ்டர்) ஏங்கினார், அதை அனுப்ப வேண்டியவரே அவர்தான். ஒரு வருஷத்தில் கடையைக் கட்டினோம்.

பெண்ட்ராகனில் அந்தக் கணக்கெல்லாம் ஒரே மூச்சில் முடியும். வருஷக் கடைசியில் குளிர்காலம் என்று ஒரு கட்டம். அந்த வருஷம் எந்தத் திறமையைச் சரியாகப் பயன்படுத்தினாயோ அதற்கு ஒரு டிக் போட்டிருப்பாய். குளிர்காலத்தில் 20 முகப் பகடையை உருட்டி, இருக்கிற எண்ணைவிடக் கூடுதலாக விழுந்தால் திறமை ஒன்று ஏறும். 35 வயது தாண்டினால் உடம்பு தேய்கிறதா என்று ஓர் உருட்டு. விளைச்சல் எப்படி, குதிரை பிழைத்ததா, பெண்டாட்டிக்குக் குழந்தை பிறந்ததா, பிறந்தது தங்கியதா, எல்லாவற்றுக்கும் பகடை. அரை மணி நேர வேலைதான். ஆனால் மேஜையில் அவ்வளவு அமைதி சண்டைக் காட்சியில்கூட இருக்காது. எனக்கு முதலில் பிறந்த இரண்டு காகிதக் குழந்தைகளும் தங்கவில்லை. ஆட்டக் கணக்கில் 493இல் பிறந்தவன் தங்கினான். அன்றைக்கு நான் நிஜமாகவே எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன், வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இத்தனை சொன்னவன் எதற்காகக் கடுப்பில் இருக்கிறேன் என்றால், குணப் பகடை. ஐந்தாம் பதிப்பைக் கையில் எடுத்த நாளிலிருந்து என்னை உறுத்துகிற விஷயம் அது. பதின்மூன்று ஜோடிக் குணங்கள் இருக்கும். ஒவ்வொரு ஜோடியும் கூட்டினால் 20. கருணை 13 என்றால் கொடூரம் 7. நம்புகிற குணம் 16 என்றால் சந்தேகம் 4. 16ஐத் தொட்டுவிட்டால் ஊரறிந்த குணம், நல்லது கெட்டது என்றில்லை, அதுதான் நீ. சோதனை வந்தால் ஜிஎம் உருட்டச் சொல்வார், உருட்டித்தான் ஆக வேண்டும். விழுந்ததை உன் ஆள் செய்வான். நீ மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து "வேண்டாண்டா" என்று கத்தலாம், தடையில்லை.

என் ஆளுடைய நம்பிக்கை 16 ஆனது யாரால்? என்னால்தான். எத்தனையோ இடத்தில் பெருந்தன்மையாக யார் யாரையோ நம்பி, டிக் போட்டு, குளிர்காலத்துக்குக் குளிர்காலம் ஒவ்வொன்றாக ஏற்றி, அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆட்டத்தில் 507ஆம் வருஷம். ஆர்தரின் அப்பா ஊத்தர் ராஜா போய், ஆர்தர் இன்னும் வராத அராஜகக் காலம். என் நைட்டுக்கு வயது 43. பொழுது சாயும் நேரத்தில் எதிரிகளான சாக்ஸன்கள் மூன்று பேர் வெள்ளைத் துணியோடு வாசலில் நிற்கிறார்கள். கதவைத் திறக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். மேஜையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஜிஎம் சிரிக்காமல், "நம்பிக்கைக்கு ஒரு உருட்டு போடுங்க சார்" என்றார். ஒன்பது, 16க்குள். திறந்தாயிற்று.

உள்ளே வந்தவர்கள் கத்தியை உருவினார்கள். சாக்ஸன் வெறுப்பு என்று என் ஆளுக்கு ஓர் உணர்ச்சி இருந்தது. ஆபத்தில் அதை எழுப்பி உருட்டி ஜெயித்தால் வாள் திறமைக்கு 10 கூடும். எழுப்பினேன். 20 விழுந்தது. உணர்ச்சி உருட்டில் 20 என்பது படுதோல்வி, புத்தி பேதலிப்பு. விளையாடுகிறவன் கையில் இனி ஒன்றுமில்லை. ஜிஎம் கையை நீட்டி என் ஆளின் எண்களெல்லாம் எழுதிய கேரக்டர் ஷீட்டை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு, "காட்டுக்குள்ள ஓடிட்டார்" என்றார். மூன்று வருஷ ஞாயிறுகளும் 22 ஆட்ட வருஷங்களும் ஃபைலுக்குள் போய்விட்டன. நாங்கள் ஆடும் இந்தக் கதைத் தொடரில் ஆர்தர் வாளை உருவுவது 510இல் என்று ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். மூணே குளிர்காலம் பாக்கி. செத்தானா, பிழைத்தானா என்றுகூட ஜிஎம் சொல்ல மாட்டேன் என்கிறார். மாலரி எழுதிய பழைய ஆர்தர் கதையில் மாவீரன் லான்ஸ்லாட்டே பைத்தியம் பிடித்துக் காட்டில் திரிந்தவன்தானே என்று சமாதானம் வேறு. லான்ஸ்லாட் யார், சாலிஸ்பரியில் ஒரே ஒரு கிராமத்தை வைத்துக்கொண்டிருந்த என் ஆள் யார்?

ஆர்ஸ் மாஜிக்காவில் இந்த அநியாயம் கிடையாது. அங்கேயும் 35லிருந்துதான் முதுமைப் பகடை. ஆனால் மந்திரவாதி ஆயுள் நீட்டிப்புச் சடங்கு ஒன்றைச் செய்துகொண்டு நூறு தாண்டியும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கலாம். அந்தச் சடங்கு செய்தவனுக்குக் குழந்தை பிறக்காது என்று விதிநூலில் ஒரு வரி இருக்கிறது. அன்றைக்குப் படித்தபோது அதை யாரும் கவனிக்கக்கூட இல்லை.

நடுவில் மித்ராஸ் என்கிற இன்னொரு ஆட்டத்தையும் ஆறு வாரம் பார்த்தோம். 2012இல் ரூன்குவெஸ்ட் ஆறாம் பதிப்பாக வந்து 2016இல் பெயர் மாறிய அதே விதிகள். அதிலும் உணர்ச்சிகளுக்கு எண் உண்டு, சதவீதத்தில். ஆனால் ஆளைக் கடத்திக்கொண்டு போகிற அளவுக்கு அவை எங்களிடம் வாலாட்டவில்லை. சண்டை விதிகள் பிரமாதம், ஒரு வெட்டில் ஆயுதத்தைத் தட்டிவிடலாம், காலை வாரலாம், இடம் பார்த்து அடிக்கலாம். நன்றாக இருந்தது. ஆனால் அதில் என் ஆள் பேர் என்ன என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

நண்பா, கேட்டதற்குப் பதில்: பெண்ட்ராகனை வாங்காதே. ஆர்ஸ் மாஜிக்காவை வாங்கு. மந்திர இலக்கணத்துக்காகவே அது அலமாரியில் இருக்கலாம், படிக்கவும் சுகம், உன் ஆள் உன் பேச்சைக் கேட்பான். பெண்ட்ராகன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் என்னுடையதை வந்து எடுத்துக்கொண்டு போ. பக்க எண் எல்லாம் பென்சிலில் போட்டு ரெடியாக இருக்கிறது.

இந்த ஞாயிறு மட்டும் முடியாது, எனக்குப் புத்தகம் வேண்டும். பையனுக்குப் பதினாலுதான் ஆகிறது, நைட் பட்டம் கட்ட 21 ஆக வேண்டும், அதாவது 514. அதுவரைக்கும் நிலத்தைப் பார்த்துக்கொள்ள அவனுக்கு ஒரு சித்தப்பா வேண்டும். சித்தப்பாவுக்குப் பதின்மூன்று ஜோடியும் எழுதியாக வேண்டும். சந்தேகத்துக்கு 15 போடலாம் என்று இருக்கிறேன்.