வேலணைக்கு மின்சார ஸ்கூட்டரில்: இரண்டு வருடப் பாவனை

2022 இல் இலங்கையில் மோட்டார் சைக்கிளுக்குக் கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறையில் வாரம் 4 லீற்றர் பெற்றோல் மட்டுமே கிடைத்த காலத்தில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து தீவுப்பக்கமுள்ள வேலணைப் பாடசாலைக்குப் போய்வர நான் பட்ட பாடுதான் அடுத்த வருடம் இந்த ஸ்கூட்டரை வாங்க வைத்தது. இது உள்ளூரில் பொருத்தப்பட்டு, 72 வோல்ற் ஈய அமில பற்றரியில் ஓடும் வண்டி.

யாழ்ப்பாணத்தின் சமதரைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. இரவு 10.30 இற்குப் பிறகு செருகினால் விடிவதற்குள் நிறைந்துவிடும். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 2 யூனிற் போகும். ஆனால் சோளகம் என்னும் தென்மேல் காற்று வீசும் ஆடி மாதத்தில், கடலைக் கடந்து தீவுக்குப் போகும் பண்ணைத் தாம்போதியில் எதிர்க்காற்றோடு போகையில், சார்ஜ் கோடுகள் ஒவ்வொன்றாக அணைவதைப் பார்த்து வயிறு கலங்கியிருக்கிறேன்.

என் குறை வண்டியைப் பற்றியதைவிடப் பணத்தைப் பற்றியது. நான் அணுகிய லீசிங் நிறுவனம், பற்றரி பழுதானால் வண்டியை விற்க முடியாது என்று சொல்லி, பெற்றோல் வண்டிக்குக் கேட்பதிலும் கூடிய முற்பணம் கேட்டது. அந்தப் பயம் முழுக்கப் பொய்யுமல்ல. ஒரு சார்ஜில் 50 கிலோமீற்றர் ஓடிய வண்டி பதினெட்டாம் மாதத்தில் 30 உடன் களைத்தது. ஒரு வருட உத்தரவாதமோ அதற்கு முன்னரே முடிந்திருந்தது. ஆறு பற்றரிகளையும் ஒன்றாக மாற்ற வேண்டியிருந்தபோது அதற்குத் தவணை தர எவருமில்லை. கூடிய காலம் உழைக்கும் லிதியம் பற்றரியை விலை காரணமாகவே விட்டேன்.

2022 இல், வெளிநாட்டிலிருந்து டொலர் அனுப்புபவர்களுக்கு மின்சார வாகன இறக்குமதி அனுமதி வழங்க அரசு முன்வந்தது. இங்கே சம்பளத்தில் வாழ்ந்து, பெற்றோல் இறக்குமதியைத் தன் பங்குக்குக் குறைக்கும் ஒருவருக்குப் பற்றரிக் கடனாவது வேண்டாமா? 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்பாவனை குறைந்ததால், கூரைச் சோலார் வைத்திருந்தோரைப் பகலில் அதை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டது. வீணாகும் அந்தப் பகல் வெயிலை வாகனங்களுக்கு ஊட்டவல்ல செருகுமுனைகள் பாடசாலைகளிலும் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்திலும்) இருந்திருந்தால், நான் இரவில், நிலக்கரியும் எரித்துப் பெறும் மின்சாரத்தில் சார்ஜ் செய்ய வேண்டியிருக்காது.

நகருக்குள் ஓடுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். தீவுப்பக்கம் போகிறவர்கள், புதுப் பற்றரித் தொகுதியின் விலையையும் உத்தரவாதக் காலத்தையும் முதலில் கடையில் எழுத்தில் வாங்கிவிட்டு, அந்தத் தொகையை மாதாமாதம் ஒதுக்க முடியுமா என்று பார்த்த பிறகே முற்பணம் கட்ட வேண்டும்.