மாவட்ட இலவச சட்ட உதவி மையம்: தங்கச்சி டைவர்ஸ் கேஸுக்காகப் போன அனுபவம்

தங்கச்சி வீட்டுக்காரர் டைவர்ஸ் கேஸ் போட்டு சம்மன் வந்துருச்சு, முதல்ல பார்த்த பிரைவேட் வக்கீல் பேப்பரைக்கூட பிரிக்காம ஃபீஸ் பத்தியே பேசினாரு. அப்புறம்தான் கோர்ட்டு வளாகத்துக்குள்ளயே இருக்குற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அவளைக் கூட்டிட்டுப் போனேன். பொண்ணுங்களுக்கு சம்பளம் எவ்வளவு இருந்தாலும் இங்க வக்கீல் இலவசம்ங்க, 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் 12வது பிரிவுலயே இருக்கு. ஆம்பளைங்களுக்குத்தான் பொதுவா வருமான வரம்பு. மனு எழுதிக் குடுத்தோம், ஆதாரும் சம்மனும் ஜெராக்ஸ் வாங்கிக்கிட்டு அவங்க பட்டியல்ல இருக்குற பேனல் வக்கீல் ஒரு மேடத்தைப் போட்டுக் குடுத்தாங்க.

அந்த மேடத்துக்காகத்தான் இந்த ரிவ்யூவே. மாப்பிள்ளை போட்ட மனுவை பாரா பாராவா வாசிச்சு, "இது நடந்துச்சாம்மா, ஆதாரம் ஏதாவது வெச்சிருக்கியா"ன்னு கேட்டுக் கேட்டு ஓரத்துல பென்சில்ல குறிச்சாங்க, நாம போடுற பதில் மனுவுல (கவுண்டர்) மறுக்காம விட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். இவ "எனக்கு அந்த ஆளே வேணாம்க்கா, கோர்ட்டுக்கும் வரல"ன்னு ஒரே அழுகை. வாய்தாவுக்குப் போகலன்னா எக்ஸ்பார்ட்டி ஆயிடும், அதாவது நாம இல்லாமலே கேஸை நடத்திடுவாங்க, அப்படி தீர்ப்பு (டிகிரி) வந்துட்டா அதை ரத்து பண்ணச் சொல்லி மனு போட 30 நாள்தான் டைம், அப்புறம் தாமதத்துக்குக் காரணம் சொல்லி அலையணும்னு பொறுமையா புரிய வெச்சாங்க. நடுவுல மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க வேற வந்து மியூச்சுவல்ல (ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியுற மனு) கையெழுத்து போடு, நகையைத் தர்றோம்னு நின்னாங்க. மேடத்துக்கு போன் போட்டா, "நகை உன்னோடது, அதைக் குடுக்க அவங்க கண்டிஷன் போட முடியாது, படிக்காம எதுலயும் கையெழுத்து போடாதே"ன்னு கறாரா சொல்லிட்டாங்க. அந்த ஒரு வார்த்தைக்கே கோடி கும்பிடு.

இந்து திருமணச் சட்டம் 24வது பிரிவுல இடைக்கால ஜீவனாம்சமும் கேஸ் செலவும் கேட்டு மனு போட்டாச்சு, நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள்ள முடிஞ்சவரை முடிக்கணும்னு சட்டம், ஆனா நடைமுறையில இழுக்கும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. மாப்பிள்ளை சம்பளத்தைக் குறைச்சுக் காட்டுவாரோன்னு பயந்தோம். 2020ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னபடி ரெண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் எல்லாம் அஃபிடவிட்டா (உறுதிமொழிப் பத்திரம்) போடணுமாம், அதனால பழைய பேஸ்லிப், லோன் பேப்பர் எது கிடைச்சாலும் எடுத்துட்டுப் போங்க.

குறைன்னா, காலையில மேடம் கோர்ட்டுல இருப்பாங்க, போன் எடுக்க மாட்டாங்க, சாயங்காலம்தான் பேச முடியும். திங்கக்கிழமை ஆபீஸ்ல உக்கார இடம் இருக்காது. போட்டுக் குடுத்த வக்கீல் சரியில்லன்னா மாத்தச் சொல்லி அங்கேயே எழுதிக் குடுக்கலாம். நேர்ல போக முடியாதவங்க இலவச சட்ட உதவி நம்பர் 15100க்கு போன் பண்ணுங்க.