இடஒதுக்கீடா, பணித்தள வசதியா?

திருகோணமலையிலிருந்து கூடுதலான பெண்கள் பொறியியலாளர்களாக வேண்டும். அதற்குப் பல்கலைக்கழக நுழைவில் பெண்களுக்கு இடம் ஒதுக்குவதா, பணித்தளத்தைத் திருத்துவதா?

ஒதுக்கீடு நமக்குப் புதிதல்ல. இலங்கையின் பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் தேசிய தகுதி வரிசைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் திருகோணமலையும் உண்டு. இம்மாவட்டத்து மூதூர்ப் பிள்ளை கொழும்புப் பிள்ளையோடு இசட் புள்ளியில் (உயர்தரப் பரீட்சையின் தரப்படுத்திய புள்ளி) மட்டும் மோத வேண்டியதில்லை. இதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. பெண்களுக்கும் இப்படி ஒதுக்கினால் எண்ணிக்கை விரைவில் உயரும். ஆனால் அதன் பலம் பட்டமளிப்போடு முடிந்துவிடும்.

பணித்தளம் வேறு கதை. கடலோரம் பாலத்துக்குத் தூண் இறக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். மலசலகூடம் ஒன்றுதான், அதற்கும் தாழ்ப்பாள் இல்லை என்றால், அங்கே நிற்கும் பெண் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்பாள். ஆண்களின் அளவில் வாங்கிய பாதுகாப்புச் சப்பாத்து காலில் ஆடும். கட்டுமானச் சாரத்தில் ஏறும்போது அது அசௌகரியம் மட்டுமல்ல, ஆபத்து. உயரத்தில் விழாமலிருக்க உடலில் கட்டும் பாதுகாப்புப் பட்டிக்கும் இதே நிலைதான். பணித்தளக் கூட்டம் சிங்களத்தில் மட்டும் நடந்தால் தமிழ்ப் பெண்ணின் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அவள் குரல் எடுபடாது.

செலவைப் பார்த்தால் இரண்டாவது வழி மலிவு. பூட்டக்கூடிய கதவு, சரியான அளவில் சப்பாத்து, மாலையில் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் ஒரு வாகனம். ஒன்றைத்தான் முதலில் செய்யலாம் என்றால் நான் இதையே கேட்பேன். ஒப்பந்தத்தின் விலைப்பட்டியலிலேயே இவற்றை எழுதிவிடலாம்.