‘ஃபமிலியா ரோமானா’ வழியாக இலத்தீன்: தமிழ் வாசகருக்கு எங்கே எளிது, எங்கே இடறும்

டென்மார்க்கின் ஹான்ஸ் ஓர்பெர்க் எழுதிய இந்தப் பாடநூலில் 35 பாடங்கள். முதல் வரியான ‘ரோமா இன் இத்தாலியா எஸ்ட்’ தொடங்கிக் கடைசிவரை இலத்தீன் மட்டும்தான்; ஒரு ரோமானியக் குடும்பத்தின் கதையாகவே பாடங்கள் நகரும். புதுச் சொல்லின் பொருள் பக்க ஓரத்தில் படமாகவோ எதிர்ச்சொல்லாகவோ இருக்கும். வாய்பாட்டை உருப்போட வைத்த பழைய பள்ளிமுறையைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் கதை எளிது என்பதால் சொல்லின் ஈற்றைப் பார்க்காமலே பொருள் விளங்கிவிடும். அப்படியே போனால் வேறு வகை ஈறுகள் ஏற்கும் மூன்றாம் வகைப் பெயர்கள் (third declension) வரும் 9ஆம் பாடத்தில் வண்டி நின்றுவிடும். ஈறு நிரப்பும் ‘பென்சும் ஆ’ பயிற்சியை முழு வாக்கியமாகக் கையால் எழுதுவதே மருந்து. குறிப்பேட்டில் இலத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுத வேண்டாம். ப-வும் ba-வும் ஒன்றாகிவிடும் என்பதால் ரோமன் எழுத்தே சரி. உயிர்மேல் நெடில் கோட்டையும் விடாமல் போடுங்கள். குறில் நெடில் பழகிய காதுக்கு அது சுமையே இல்லை.

தமிழர் அதிகம் தவறுவது பெயரடையில். ‘நல்ல பெண்ணை’ என்னும்போது ‘நல்ல’ மாறுவதில்லை; இலத்தீனில் அதுவும் பால், எண், வேற்றுமைக்கு ஏற்ப மாறியாக வேண்டும். ‘பூ பறித்தாள்’ என்று ஐ உருபை விடும் பழக்கமும் அங்கே செல்லாது. 11ஆம் பாடத்தில் இன்னொரு சிக்கல்: ‘சிறுவன் தூங்குகிறான் என்று மருத்துவர் சொல்கிறார்’ என்பதில் உள்ள ‘என்று’ இலத்தீனில் கிடையாது. ‘புஏரும் தோர்மீரே தீகித்’, அதாவது சிறுவன் இரண்டாம் வேற்றுமை ஏற்க, தூங்குதல் முடிவுறா வினையாக நிற்கும்.

16ஆம் பாடம் பலரைத் திணறடிப்பது. நமக்கு அதில் பாதி இலவசம். ‘பொழுது புலர, கப்பல் கிளம்பியது’ என்ற செயவெனெச்சத் தொடரைப் போலத்தான் அங்குள்ள தனிநிலைத் தொடரும் (ablative absolute) இயங்குகிறது. எழுவாய் வேறு வேறாக இருப்பதும் அப்படியே. செயப்பாட்டு வடிவில் இருந்துகொண்டு செய்வினைப் பொருள் தரும் வினைகளுக்குத்தான் அங்கே நேரம் கொடுக்க வேண்டும்.

கடைசிப் பாடம் 4ஆம் நூற்றாண்டின் தொனாத்துஸ் எழுதிய வினா-விடை இலக்கணத்தைத் தழுவியது. இடைக்கால ஐரோப்பியச் சிறுவர்கள் படித்த அதே நூலை நேராக வாசிக்கும் நிலைக்கு வந்துவிடுவது பெரிய நிறைவு.

அதை முடித்ததும் இரண்டாம் பாகத்துக்குத் தாவாதீர்கள். அது விரைவிலேயே லிவியுஸின் வரலாற்று உரைநடைக்குப் போய்விடும். வாக்கியங்கள் சட்டென நீண்டுவிடும். இடையில் ‘ஃபாபுலே சிரே’ தொன்மக் கதைகளை வாய்விட்டு வாசித்துவிட்டு, 27 முதலான பாடங்களை மறுபடி ஒரு சுற்று பாருங்கள்.