எண்ணிக்கைக்காக வாசிப்பதும் விருப்பத்திற்காக வாசிப்பதும்

ஆண்டுக்கு 52 நூல்கள் என்று இலக்கு வைத்தால், 300 பக்க நூலொன்றை நாளுக்கு ஏறத்தாழ 43 பக்கம் வீதம் ஒரே வாரத்தில் முடித்தாக வேண்டும். அந்தக் கணக்கு மனத்தை நெருக்கும்போது, 900 பக்க நாவலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அருகிலிருக்கும் மெல்லிய நூலை நோக்கியே கை நீள்கிறது. டிசம்பரில் இது இன்னும் மோசம். வாசிப்புப் பழக்கமே விட்டுப்போனவருக்கு இலக்கு ஒரு பிடிமானம் என்பதை மறுக்க மாட்டேன்.

விருப்பத்திற்காக வாசிப்பவரோ, ஐம்பதாம் பக்கத்தில் சலித்துப்போன நூலைக் குற்றவுணர்வின்றி மூடிவைக்கிறார். பிடித்த பத்தியை மூன்று முறை படிக்கிறார். பட்டியலில் புதிய எண்ணாகச் சேராது என்று தெரிந்தும் பழைய நூலுக்குத் திரும்புகிறார். பழகிய சுவையிலேயே தேங்கிவிடும் ஆபத்து இதில் உண்டு. ஆயினும், இருமுறை பாதியில் விட்ட பெரிய நாவலொன்றை, ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகளுடன் நான்கு மாதங்களில் நான் படித்து முடித்தது, இலக்கைக் கைவிட்ட பிறகுதான்.