குரல் போன கடல் இளவரசி: கல்லடியில் ஒரு பயங்கர மேக்கப் போட்டோஷூட்

மட்டக்களப்பில் மேக்கப் என்றால் கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, மிஞ்சிப் போனால் பள்ளிக்கூட நாடகம். அதைத் தாண்டி எதையாவது கேட்டால் முகத்தைப் பார்த்துவிட்டு "அதெல்லாம் கொழும்பில்தான் செய்வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். கல்லடிப் பக்கம் ஒரு வீட்டின் முன்னறையை ஸ்டூடியோவாக வைத்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் நடத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. தேவதைக் கதைகளில் வருகிற இளவரசிகளைப் பயங்கரமான உருவத்துக்கு மாற்றிப் படம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இந்த மாதிரி விஷயத்தில் எனக்கு எப்பவுமே பைத்தியம் என்பதால் போய் எடுத்துக்கொண்டேன். நல்லா இருந்தது. சும்மா நல்லா இல்லை, இவ்வளவு யோசித்துச் செய்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. இரண்டு மூன்று குறைகளும் சொல்லப்போவதால் பெயரை இங்கே போடவில்லை.

முதலில் என்னைக் கவர்ந்தது, அந்தத் தங்கச்சி கேட்ட கேள்விகள். எந்த இளவரசி என்று கேட்டுவிட்டு விடவில்லை. கதையில் எந்த இடம், அவளுக்கு அப்போது என்ன நடந்திருக்கிறது, உடம்பில் எங்கே வலிக்கும் என்று கேட்டுக்கொண்டே போனாள். பொதுவாக இந்த மாதிரிப் படங்களில் வெள்ளை முகம், கறுப்புக் கண், வாயோரம் ரத்தம், தலையில் ஒரு கிரீடம், அவ்வளவுதான். எந்த இளவரசி என்று உடுப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இவளோ பழைய கதைகளையே தேடி வாசித்து வைத்திருக்கிறாள். கிரிம் சகோதரர்கள் 1812இல் போட்ட முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்லி அவளுடைய ஈரலையும் நுரையீரலையும் கேட்கிறவள் சொந்தத் தாய்தான், மாற்றாந்தாய் ஆனது பிறகு வந்த பதிப்பில். அவர்களுடைய சின்ட்ரெல்லாக் கதையில் ஒரு அக்கா கால்விரலை வெட்டிக்கொள்கிறாள், மற்றவள் குதிக்காலை வெட்டிக்கொள்கிறாள், சப்பாத்து பொருந்த வேண்டுமே! "பயத்தை நாம போய்ச் சேர்க்கத் தேவையில்லை அக்கா, பிறகு வந்தவங்க துடைச்சு எடுத்ததைத் திரும்ப வைச்சாலே போதும்" என்றாள். அந்த இடத்திலேயே முற்பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

நான் எடுத்தது ஆண்டர்சனின் கடற்கன்னி. டென்மார்க்கில் 1837இல் வந்த கதை. கடலரசனின் கடைசி மகள். கார்ட்டூனில் பார்த்துவிட்டு இதைப் பாட்டும் கூத்துமான கதை என்று நினைத்திருப்பவர்கள்தான் அதிகம். மூலக் கதையில் சூனியக்காரி அவளுடைய நாக்கை வெட்டி எடுக்கிறாள். வால் போய்க் கால் வருகிறது, ஆனால் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் கத்தியின் மேல் நடப்பதுபோல இருக்கும். அப்படியே அவள் இளவரசனுக்காக ஆடுகிறாள். அவன் வேறொருத்தியைக் கட்டுகிறான். அக்காமார் தங்கள் கூந்தலையே அறுத்துக் கொடுத்துச் சூனியக்காரியிடம் ஒரு கத்தி வாங்கி வந்து, அவனைக் குத்து, நீ பிழைப்பாய் என்கிறார்கள். அவள் குத்தவில்லை. கடலில் பாய்கிறாள், உடம்பு நுரையாகக் கரைகிறது.

இந்தக் கதையை மட்டக்களப்பில் எடுக்காமல் வேறு எங்கே எடுப்பது! மீன் பாடும் தேனாடு என்று நாம் சொல்லிக்கொள்கிற ஊர். கல்லடிப் பாலத்துக்குக் கீழே நிலா வெளிச்சத்தில் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிற அந்த ஓசையை நீரரமகளிரின், அதாவது தண்ணீரில் வாழும் தெய்வப் பெண்களின், இசையாகவே விபுலானந்த அடிகள் யாழ் நூலில் பாடிவைத்தார், 1947இல். நம் வாவியின் கடற்கன்னி பாடுகிறவள். அந்த ஊரின் பாலத்தடியில் நாக்கை இழந்து, பாட முடியாமல் நிற்கிற ஒருத்தி. இதை நான் சொல்லவில்லை, படம் எடுக்கிற அந்தத் தம்பி, அவளுடைய அண்ணன்தான், இடம் பேசும்போது சொன்னார். சொன்னதும் எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது.

மேக்கப்புக்கு வருவோம். வழக்கமாக இணையத்தில் பார்க்கிற உதடு தைத்த படம் எனக்கு வேண்டாம் என்று சொல்லவே வேண்டியிருக்கவில்லை, "கதையில தைக்கல்லையே" என்று அவளே விட்டுவிட்டாள். உதட்டில் கீறல் ஒன்றும் கிடையாது, வெளிறிய சாம்பல் நிறம் மட்டும். வாயை மூடியிருந்தால் ஒன்றுமே தெரியாது. திறந்தால் உள்ளே முழுக்கக் கறுப்பு, சாப்பாட்டுக்குப் போடுகிற நிறத்தைத்தான் பயன்படுத்தினாள். பல்லுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு குழி. ஒரே ஒரு படத்தில் மட்டும்தான் வாயைத் திறக்க விட்டார்கள், மற்ற எல்லாவற்றிலும் மூடியே. கடைசியில் அந்தப் படத்தைப் பார்த்து என் அம்மா ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

இடுப்பைச் சொல்லியே ஆக வேண்டும். கதையில் பாட்டி அவளுடைய உயர்குலத்தைக் காட்ட வாலில் எட்டுச் சிப்பிகளைக் கவ்வ விடுவார். வலிக்கிறது என்று அவள் சொன்னால், அழகுக்கு வலி பொறுக்கத்தான் வேண்டும் என்பார். இந்தச் சின்ன இடத்தைப் பிடித்துக்கொண்டு, வாவியில் பொறுக்கிய நிஜச் சிப்பி ஓடுகளையே கழுவிக் காயவைத்து, திரவ லாட்டெக்ஸாலும் (ரப்பர் பால்) டிஷ்யூவாலும் என் விலாவிலிருந்து இடுப்புவரை ஒட்டினாள். சிப்பியைச் சுற்றித் தோல் சுருங்கி, உள்ளே இழுபட்டு, விளிம்பில் மட்டும் மெல்லிய ஊதா. தொட்டுப் பார்க்காமல் நம்ப முடியாது. மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவதற்காக நம் பிள்ளைகளுக்கு ஏற்றுகிற நகையின் பாரம் எனக்கு ஞாபகம் வந்தது. பயங்கரம் என்றால் எனக்கு அதுதான், ரத்தத்தைவிட.

காலடியில் வெட்டுக்காயங்கள். ரத்தத்தில் கொஞ்சம் கோப்பித் தூளும் துளி நீலமும் கலந்தாள். வெறும் சிவப்பு என்றால் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் ரோஸ் நிறமாகத் தெரியுமாம். நம்மூர்ப் புழுக்கத்தில் லாட்டெக்ஸ் காய நேரம் எடுக்கும், வேர்வை உள்ளே சேர்ந்தால் ஓரம் கிளம்பிவிடும், ஜெலட்டின் என்றால் உருகியே போகும். அதற்கு அவள் மெல்லிய படலமாகப் பூசி, ஹெயார் ட்ரையரைக் குளிர்காற்றில் வைத்து, பவுடர் போட்டு, மறுபடி பூசி, இப்படியே பொறுமையாகப் போனாள். விடிய விடிய ஆடுகிற வடமோடிக் கூத்துக்கு ஒப்பனை போடுகிற பெரியவர் ஒருவரிடம் இருந்து வேர்வைக்கு நிற்கிற பூச்சைப் பற்றி நிறையக் கற்றாளாம். அது தெரிகிறது. முடியும்வரை என் நெற்றியில் ஒரு இடம்கூடக் கரையவில்லை.

படம் எடுத்த விதம்: விடியற்காலையில் கடற்கரை, ராத்திரியில் வாவி. நமக்குச் சூரியன் கடலில்தான் எழும்புகிறது என்பதால் காலையில் இளவரசி நிழலாக நிற்க, பின்னால் வானம் வெளுக்கிறது. வாவியில் ஒரே ஒரு லைட், அதுவும் பக்கவாட்டில். நேராக முகத்தில் அடித்தால் காயமெல்லாம் தட்டையாகிப் பெயின்ட் என்று தெரிந்துவிடும், பக்கத்திலிருந்து அடித்தால் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் நிழல் விழும். நுரையாகக் கரைகிற காட்சிக்கு கம்ப்யூட்டர் வேலை எதுவும் இல்லை. கேமராவை முக்காலியில் வைத்து, ஷட்டரை மெதுவாக விட்டு, இடுப்பளவு அலையில் என்னை அசையாமல் நிற்கச் சொன்னார். அலை முழுக்க வெள்ளைப் புகையாகி, முகம் மட்டும் கூர்மையாக நிற்கிறது. பல தடவை எடுத்துக் குளிரில் நடுங்கியபிறகுதான் சரியாக வந்தது, ஆனால் வந்தது. அந்த ஒரு படத்துக்கே கொடுத்த காசு சரி.

இன்னொன்று. என்னோடு வந்த மச்சாள், கரையில் ஒதுங்கிக் கிடக்கிற மாதிரி ஒன்று எடுப்போமா, நாவலடிப் பக்கம் ஆளே இல்லையே என்று கேட்டாள். தம்பி உடனே மறுத்துவிட்டார். "அந்தக் கரையில வேண்டாம் அக்கா, 2004இல அங்க ஒதுங்கினவங்களைத் தேடிப் போன சனம் இன்னும் அந்த வீதியாலதான் போகுது" என்றார். வேறு எந்தக் கரையிலும் அந்தக் கோலத்தில் எடுப்பதில்லையாம், நிற்கிற, நடக்கிற, பார்க்கிற இளவரசிதான். சுனாமி கொண்டுபோன ஊரில் பயங்கரப் படம் எடுக்கிறவருக்கு இந்த எல்லை தெரிந்திருக்க வேண்டும், தெரிந்திருக்கிறது. எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது அந்த நேரத்தில்தான். பிறகு பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் கண்டல் மரங்களுக்கிடையில் எடுத்தோம். அங்கே வலை இழுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் பதறி ஓடிவந்து "என்ன புள்ள, ஆரு அடிச்ச?" என்று கேட்டார். மேக்கப் என்று காட்டியும் அவருக்கு மனம் ஆறவில்லை, தன் தோளில் கிடந்த துவாயைத் தந்தார். அதன் பிறகு ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார்கள்.

இனிக் குறைகள். வாலுக்குத் தந்த துணி நன்றாக இல்லை. பளபளவென்று பள்ளி விழா உடுப்பு மாதிரி, அவ்வளவு அருமையான இடுப்பு வேலைக்குக் கீழே அது ஒட்டவே இல்லை. நல்லவேளை பெரும்பாலான படங்களில் தண்ணீருக்குள் போய்விட்டது. அடுத்தது எடிட். முதலில் அனுப்பிய படங்களில் கல்யாண ஆல்பத்துக்குச் செய்வதுபோல என் கன்னத்தை எல்லாம் வழவழ என்று தேய்த்து, தங்கச்சி மணிக்கணக்காக உட்கார்ந்து செய்த தோல் சுருக்கம் பாதி காணாமல் போயிருந்தது. நிறத்தையும் நீலப்பச்சைக்குள் முக்கி எடுத்திருந்தார். சொன்னதும் முகம் சுளிக்காமல் திருத்தித் தந்தார், ஆனால் சொல்லாதவர்களுக்கு அப்படியே போய்விடும், ஆகவே தோலைத் தொடாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். படங்கள் கைக்கு வரவும் சொன்ன தேதியைவிட நன்றாகப் பிந்தியது. கல்யாண சீசன் என்றார்கள். சரி, காரணம் இருக்கலாம், முன்பே சொல்லியிருக்கலாம்.

போகிறவர்களுக்கு: எனக்கு மேக்கப், இரண்டு இடம், எடிட் செய்த 20 படம் எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் ஆனது, பாதி முற்பணம். லாட்டெக்ஸ் சிலருக்கு ஒத்துவராது, ஆகவே முதல் நாளே முழங்கையின் உட்பக்கத்தில் பூசிப் பார்க்கிறார்கள், அதை வேண்டாம் என்று தவிர்க்காதீர்கள். ரப்பர் பலூனே தோலுக்குப் பிடிக்காதவர் என்றால் வேறு வழி கேளுங்கள். பூசும்போது அமோனியா வாடை மூக்கில் ஏறும், ஜன்னலைத் திறக்கச் சொல்லலாம். வெள்ளைக் கண் லென்ஸ் அவர்கள் வைத்திருப்பதில்லை, ஒருவர் போட்டதை இன்னொருவருக்குத் தரமாட்டோம் என்கிறார்கள், அது சரியான முடிவு. கண் வைத்தியரிடம் காட்டி உங்களுக்கென்று வாங்கினால் போட்டுவிடுவார்கள். லாட்டெக்ஸைக் கழற்றும்போது இழுக்காதீர்கள், தேங்காயெண்ணெய் தடவிக் கொஞ்சம் ஊறவிட்டால் ஓரம் தானாகக் கிளம்பும். கைகால் முடி அதிகம் உள்ளவர்கள் பூசுவதற்கு முன்பே வாஸ்லின் கேட்டு வாங்குங்கள்.

கடற்கரையில் எடுப்பதென்றால் மாரி தொடங்குவதற்கு முன்பே பேசி வையுங்கள், ஐப்பசி கார்த்திகையில் மழையும் அலையும் விடாது. நானும் மச்சாளும் அடுத்ததாகச் சின்ட்ரெல்லாவின் அக்காமாராகப் போகப் போகிறோம். குதிக்கால் எனக்கு, விரல் அவளுக்கு. சப்பாத்தை மட்டும் நாங்களே தேடிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டோம், அந்த வால் துணியை மறக்க முடியவில்லை.